பழக்கச் சுற்றில் நிறுத்தப்பட்டவர்கள்

கூடுதல் வாக்குமூலம். அளிப்பவர் பெண், வயது நாற்பத்தெட்டு, முதுகலைப் பட்டம் பெற்றவர், கைபேசித் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் பயனர் சோதனைப் பிரிவின் பொறுப்பாளர், இறந்தவரின் உடன்பிறந்த தங்கை. பெயரும் முகவரியும் முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே, மாற்றம் இல்லை. யாரும் அழைக்காமல் தானாக நிலையத்துக்கு வந்து, காலை பத்து நாற்பதுக்குச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யப்பட்டது.

நான் மேற்படி நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். எங்கள் கைபேசிகளைச் சந்தைக்கு அனுப்பும் முன், வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்து, அவர்களால் அவற்றைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் பிரிவின் வேலை. என் கையெழுத்து இல்லாமல் அந்த அறிக்கை மேலே போகாது.

எங்கள் பழைய கைபேசிகளில் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய அடுக்கு ஒன்று இருந்தது. விரல் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதை அது அளக்கும். லேசாகத் தொட்டால் ஒரு வேலை நடக்கும், அழுத்தினால் வேறு வேலை நடக்கும். சென்ற ஆண்டு தொடக்கத்தில் அந்த அடுக்கை எடுத்துவிடுவது என்று மேலிடத்தில் முடிவானது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பதிலாக, விரலைத் திரையில் வைத்து அரை விநாடி அப்படியே இருந்தால் அதே வேலை நடக்கும்படி மாற்றினார்கள். அந்த அரை விநாடிக்குள் விரல் ஒரு தீக்குச்சித் தலை அளவு நகர்ந்தாலும், திரையைத் தள்ளுவதாக எடுத்துக்கொண்டு கைபேசி அந்தத் தொடுகையை ரத்து செய்துவிடும். அது பழுது அல்ல. அப்படித்தான் செய்யப்பட்டது.

எங்கள் துறைத் தலைவரை அலுவலகத்தில் 'மில்லிமீட்டர்' என்று சொல்வோம். எதைப் பற்றிப் பேசினாலும் கனத்தில் எவ்வளவு குறையும் என்றுதான் கேட்பார். அவர் என்னைக் கூப்பிட்டு, "அந்த அடுக்கை எடுத்துட்டா பேட்டரிக்கு இடம் கிடைக்குது. அழுத்துறதுக்கும் தொட்டுக்கிட்டே இருக்கிறதுக்கும் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது? அழுத்தினா ஏதோ நடக்கும்னே பாதிப் பேருக்குத் தெரியாது" என்றார். "தெரிஞ்சவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். "கத்துக்குவாங்க. நீங்க சட்டுனு ஒரு சோதனை வெச்சு முடிங்க" என்றார். முடிவான பிறகு வைக்கும் சோதனை எதற்கு என்பது எனக்குத் தெரியும். அதுபோல முன்பும் வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு அறுபது பேரை வரவழைத்தோம். எங்கள் சோதனையில் முதலில் பழக்கச் சுற்று என்று ஒன்று உண்டு. வந்தவர் தொடர்ச்சியாக மூன்று முறை சரியாகச் செய்துகாட்டினால்தான் உண்மையான சோதனைக்குப் போவார். முடியாதவருக்கு நன்றி சொல்லி, ஒரு குடையைப் பரிசாகக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அவர் பெயர் கணக்கில் வராது, தோற்றவராகவும் எழுதமாட்டோம். இந்த விதியை ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதியவள் நான். அப்போது குடைக்காகவே வந்த சில கல்லூரி மாணவர்கள், சொன்னதைக் காதில் வாங்காமல் கண்டபடி தட்டிவிட்டுப் போனார்கள். அவர்களை வடிகட்டுவதற்காக எழுதினேன்.

இந்த முறை ஒன்பது பேர் பழக்கச் சுற்றில் நின்றுவிட்டார்கள். ஒன்பது பேரும் ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், நான்கு பேருக்குக் கை நடுங்கியது. அவர்களில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் பதினோரு முறை முயன்றார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் உதவியாளரிடம், "தொடுங்கிறீங்க, தொட்டா வேணாங்குது. மாமியார் வீட்டு நாய்க்குட்டி மாதிரி இருக்கு. பழசு தேவலம்மா, ஒரு அமுக்கு அமுக்கினா சொன்ன பேச்சு கேட்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நடுங்கும் விரல் பலமாக அழுத்தும்போது ஊன்றிக்கொள்ளும், லேசாக வைத்திருக்கச் சொன்னால்தான் அதிகம் நகரும் என்பதை நான் அன்றுதான் நேரில் கண்டேன். அவருக்கும் ஒரு குடை கொடுத்தார்கள்.

மீதி ஐம்பத்தொரு பேரில் ஐம்பது பேர் தேறினார்கள். அறிக்கையில் அந்த எண்ணை எழுதினேன். அதற்குக் கீழே, பழக்கச் சுற்றில் நிறுத்தப்பட்ட ஒன்பது பேரில் கைநடுக்கம் உள்ளவர்கள் இருப்பதால் அவர்களைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினேன். அனுப்புவதற்கு முன் அந்த வரியை நீக்கினேன். துறைத் தலைவர் நீக்கச் சொன்னாரா என்று கேட்கப்பட்டது. இல்லை. அவர் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. அது இருந்தால் கூட்டம் போடுவார்கள், இரண்டு மாதம் தள்ளிப்போகும், முகம் சுளிப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கையெழுத்திட்டு அனுப்பினேன்.

என் அக்காவுக்கு வயது அறுபத்தொன்று. மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் எடுக்கும் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். ஊசி ஏறியதே தெரியாது என்று சொல்லி, அவர் பணிநேரம் பார்த்து வருபவர்கள் உண்டு. ஐந்து ஆண்டுகளாக அவருக்கு நடுக்குவாதம். குரலும் இறங்கிவிட்டது, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. கணவர் இல்லை. மகன் வேலை நிமித்தம் வேறு ஊரில் இருக்கிறார். பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்ள இரண்டரை ஆண்டுகளாக ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். அவர்தான் இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவர். மாத்திரை நேரம், குளியல் நேரம் எல்லாவற்றிலும் அக்காவை அதட்டுவதால் அக்கா அவருக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அப்படியே கூப்பிட்டோம்.

அக்காவிடம் எங்கள் நிறுவனத்தின் பழைய கைபேசி ஒன்று இருந்தது. நான்தான் கொடுத்தேன். அதன் திரையின் ஒரு மூலையில் மேனேஜரின் படத்தை வைத்து, அதை அழுத்தினால் அவருக்கு அழைப்பு போகும்படி அமைத்திருந்தேன். அக்கா அதைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார். கட்டைவிரலால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். "கடைகண்ணிக்குப் போறதுன்னா நீங்க போயிட்டு வாங்க, அக்கா கழுத்துல ஃபோன் இருந்தா போதும்" என்று மேனேஜரிடம் சொன்னவள் நான். அக்காவின் மகனுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. என் முதல் வாக்குமூலத்தில் நான் இதைச் சொல்லவில்லை.

பழைய கைபேசியின் பேட்டரி மதியத்துக்கு மேல் தாங்காமல் போனது. அந்த வகைக்கு மாற்று பேட்டரி தருவதை நிறுத்திவிட்டோம். அதன்பிறகு, புதிய கைபேசியை வீட்டில் வைத்துப் பார்க்கும்படி ஊழியர்களுக்குச் சோதனைப் பதிப்பில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். என்னுடையதில் அதே மூலையில் மேனேஜரின் படத்தை வைத்து அக்காவுக்குக் கொண்டுபோனேன். ஒன்பது பேரையும் பார்த்த பிறகு ஏன் கொண்டுபோனேன் என்று கேட்கப்பட்டது. பேட்டரி ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அக்காவால் முடிந்துவிட்டால் அந்த ஒன்பது பேரைப் பற்றி நான் யோசிக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், சாப்பாட்டு மேசையில் அக்காவின் முழங்கையை ஊன்றவைத்துச் செய்யச் சொன்னேன். மேனேஜர் எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "அழுத்தாதே அக்கா, சும்மா வெச்சுக்கிட்டு இரு" என்றேன். "சும்மா இருக்கிறதுதானேடி என்னால முடியாதது" என்றார் அக்கா. மேனேஜர் சிரித்து, "என் மூஞ்சியை அவ்வளவு மெதுவா தொட வேணாம் அக்கா, நல்லா ஒரு குத்து விடுங்க" என்றார். ஐந்து முறையில் மூன்று முறை அழைப்பு போனது. முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது. தொடர்ச்சியாக மூன்று இல்லை. எங்கள் விதிப்படி பார்த்தால் அக்கா குடை வாங்கிக்கொண்டு போக வேண்டியவர். "ஏண்டி, நான் பாஸா ஃபெயிலா?" என்று கேட்டார். பாஸ் என்றேன்.

அதன்பிறகு பழைய கைபேசியை எடுத்து என் பைக்குள் வைத்தேன். "அது கிடக்கட்டுமே, சார்ஜ் போட்டு வெச்சுக்கிறேன்" என்று அக்கா சொன்னார். இரண்டும் இருந்தால் புதியது பழகாது என்று சொல்லிவிட்டேன். அது இன்றுவரை என் அலுவலக மேசை இழுப்பறையில் இருந்தது. நேற்று சார்ஜ் போட்டு மூலையை அழுத்திப் பார்த்தேன். வேலை செய்கிறது. இந்த வாக்குமூலத்துடன் அதையும் ஒப்படைக்கிறேன்.

சம்பவம் நடந்தது சென்ற மாதம் ஒன்பதாம் தேதி. மேனேஜர் மருத்துவமனை நடைபாதையில் என்னிடம் சொன்னபடி, காலை பதினொன்று ஐந்துக்கு அவர் மருந்துக்கடைக்குக் கிளம்பினார். பன்னிரண்டு மணி மாத்திரை தீர்ந்திருந்தது. அது தவறினால் அக்காவுக்கு உடம்பு இறுகி நடக்க முடியாமல் போகும். "மேனேஜர், லீவு லெட்டர் எழுதி வெச்சுட்டுப் போ" என்று அக்கா சொன்னாராம். "பத்து நிமிஷ லீவுக்கு லெட்டர் கேட்கிற ஒரே ஆபீஸ் இதுதான்" என்று இவர் சொல்லிவிட்டுப் போனாராம். கடையில் அந்த மாத்திரை இல்லை, கிடங்கிலிருந்து வருகிறது, அரைமணி ஆகும் என்றார்கள். அவர் காத்திருந்தார். இரண்டு மூன்று முறை தன் கைபேசியை எடுத்துப் பார்த்ததாகவும், அழைப்பு எதுவும் இல்லாததால் அக்கா தூங்கியிருப்பார் என்று நினைத்ததாகவும் சொன்னார். கடைக்காரரும் அதையே சொல்லியிருக்கிறார் என்று அறிகிறேன். மாத்திரையோடு அவர் திரும்பியபோது மணி பன்னிரண்டேகால். அக்கா கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கிடந்தார். தலையில் அடி. கைபேசி பையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு அவர் வலது கையில் இருந்தது.

மேனேஜர்தான் அவசர ஊர்தியைக் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார். மூன்றாம் நாள் அக்கா இறந்தார். தலைக்குள் இரத்தம் கசிந்திருந்தது, அரைமணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அவர் அதை அக்காவின் மகனிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

அதன்பிறகு அக்காவின் மகன் புகார் கொடுத்தார். "சித்தி, ஒண்ணேகால் மணி நேரம் அவ எங்க சுத்திக்கிட்டிருந்தான்னு கேளுங்க. ஃபோன் அடிக்கலையாம். அம்மா கூப்பிடாம இருப்பாங்களா?" என்றார். அவரோடு இந்த நிலையத்துக்கு வந்தேன். ஆய்வாளர் என்னிடம் கைபேசியில் பழுது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அழைத்திருந்தால் தெரியுமா என்று கேட்டார். அழைத்திருந்தால் அழைப்புப் பட்டியலில் பதிவாகியிருக்கும் என்றேன். இரண்டும் உண்மை. அழைக்க முயன்றிருந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குச் சொல்லத் தெரியும். நான் சொல்லவில்லை.

பட்டியலில் அழைப்பு எதுவும் இல்லை. ஆகவே விழுந்தவுடன் அக்கா நினைவிழந்திருக்க வேண்டும், நடக்கத் தடுமாறும் நோயாளியை யாருடைய அனுமதியும் இல்லாமல் தனியே விட்டுப் போனதே மரணத்துக்குக் காரணம் என்று மேனேஜர் மீது வழக்குப் பதிவானது. ஃபோனை நம்பித்தான் போனேன், போகலாம் என்று தங்கச்சி மேடம்தான் சொன்னாங்க என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதாகவும், என் வாக்குமூலத்தில் அப்படி ஒன்றும் இல்லாததால் அது ஏற்கப்படவில்லை என்றும் பின்னர் அறிந்தேன். பதினோரு நாள் காவலில் இருந்தார். அவருடைய மகளை அந்த நாட்களில் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அவரை வேலைக்கு அனுப்பும் செவிலியர் அமைப்பு அவர் பெயரை எடுத்துவிட்டது. இப்போது ஜாமீனில் இருக்கிறார்.

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டது. அறிக்கை வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அக்காவின் மகன் அதன்பிறகு என்னைச் சித்தி என்று கூப்பிடமாட்டார் என்றும் பயந்தேன். வேறு காரணம் இல்லை. படித்தவள், யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்பவள் என்று எனக்கு அலுவலகத்தில் பெயர் உண்டு. ஆதாரம் என் கையில் இருந்தது.

விசாரணை முடிந்து கைபேசியைக் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அக்காவின் மகன் அதைத் தொட விரும்பவில்லை. "உங்க கம்பெனி ஃபோன்தானே, நீங்களே வெச்சுக்குங்க சித்தி" என்று என்னிடம் கொடுத்தார். கடையில் விற்கும் கைபேசி ரத்தான தொடுகைகளை நினைவில் வைக்காது. ஊழியர்களுக்குக் கொடுத்த சோதனைப் பதிப்பு ஒவ்வொரு தொடுகையையும் பதிவு செய்யும். அலுவலகக் கணினியில் இணைத்தால்தான் பார்க்க முடியும். இது எனக்குத் தெரிந்திருந்தும் ஆறு நாட்கள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஏழாம் நாள் மதிய உணவு நேரத்தில், பிரிவில் யாரும் இல்லாதபோது இணைத்துப் பார்த்தேன். சம்பவ நாள் பதினொன்று இருபத்து மூன்று முதல் பதினொன்று ஐம்பத்தெட்டு வரை, மேனேஜரின் படம் இருந்த மூலையில் நாற்பத்தொரு தொடுகைகள் இருந்தன. நாற்பத்தொன்றும் விரல் நகர்ந்ததால் ரத்தானவை. அதிகபட்சம் நீடித்தது விநாடியில் பத்தில் நான்கு பங்கு. முதல் இருபது வரை அடுத்தடுத்து வேகமாக இருக்கின்றன. அதன்பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார், நான் சொல்லிக்கொடுத்தபடி அழுத்தாமல் சும்மா வைத்துப் பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது. கடைசி ஏழும் விரல்நுனி அல்ல, அகலமான தொடுகைகள், உள்ளங்கையாக இருக்கலாம். பதிவின் நகல் மூன்று தாள்கள் இத்துடன் உள்ளன. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட்டிருக்கிறேன். நீக்கப்பட்ட வரியோடு இருந்த அறிக்கையின் முதல் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

துறைத் தலைவரிடம் காட்டினேன். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "உங்க அக்காவா? எனக்குத் தெரியாதே" என்றார். பிறகு, "இது சோதனைப் பதிப்பு, வெளிய கொடுக்கக்கூடாதுன்னு விதி இருக்கு, உங்களுக்குத்தான் சிக்கல், யோசிச்சுக்குங்க" என்றார். நான் நான்கு நாட்கள் யோசித்தேன். மேனேஜர் பெயரில் குற்றப்பத்திரிகை இந்த வாரம் தாக்கலாகும் என்று அக்காவின் மகன் தொலைபேசியில் சொன்னதால் இன்று வந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் தண்டிக்கப்பட்டிருப்பார். அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலையில் இங்கே கையெழுத்திட வரும் மேனேஜர், நான் வந்தபோது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். ஃபோன் போகாததற்குக் காரணம் தெரிந்துவிட்டது, நீங்கள் சொன்னது உண்மை என்று எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை. "அப்படின்னா அக்கா கூப்பிட்டாங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ரொம்ப நேரம் கூப்பிட்டாங்களா?" என்றார்.

"இல்ல, ஒரு தடவைதான். உடனே நினைவு போயிருச்சு" என்றேன்.

அவர் தலையாட்டினார். உள்ளே போய்க் கையெழுத்திட்டுவிட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனார்.

அவரை விடுவிக்க அந்த மூன்று தாள்களும் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட வேண்டும். அவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். நாற்பத்தொன்று என்பதை அவர் முதல்முறையாக அங்கே கேட்கக்கூடாது. இங்கிருந்து நான் நேராக அவர் வீட்டுக்குப் போகிறேன். என்னைத் தேட வேண்டியிருந்தால் அங்கே இருப்பேன்.

இவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. கேட்டேன், நானும் ஒருமுறை படித்தேன். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. இந்த அறைக்குள் நான் சொன்னவை எல்லாம் நடந்தவை. வாசலில் சொன்னது பொய்.

(கையொப்பம்)